பக்கத்து வீட்டு உத்திரம் விழாமல் பழைய பேக்கேஜை நீக்குவது எப்படி

திருநெல்வேலி டவுனில் எங்கள் பெரியப்பா வீடு ஒரு வளவுக்குள் இருக்கிறது. வளவு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது; தெருவில் ஒரே வாசல், உள்ளே போனால் ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. பெரியப்பா வீட்டு அடுக்களைச் சுவர் ஊறிப்போய், காரை பெயர்ந்து, ஆணிகூட நிற்காத நிலைமைக்கு வந்துவிட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று கொத்தனாரைக் கூட்டி வந்தார்கள். அவர் கடப்பாரையைத் தொடவே இல்லை. நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "அண்ணாச்சி, அவங்க உத்திரம் ஒரு நுனி ஒங்க சுவத்துலதான் உக்காந்திருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார். பக்கத்து வீட்டுக்குள் ஒரு செங்கல் தூண் எழுப்பி, உத்திரத்தை அதன் மேல் மாற்றி ஏற்றி, அது இறுகுகிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் சுவரில் கை வைத்தார்கள். இடிக்க ஆனது அரை நாள். அதற்கு முந்தின வேலைக்கு ஆனது ஒன்றரை மாதம்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் களஞ்சியத்தில் (நிறுவுவதற்கான மென்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடம்) இருந்து காலாவதியான ஒரு பேக்கேஜை, அதாவது நிறுவ வசதியாகக் கட்டி வைத்த ஒரு மென்பொருளை, எடுக்கிற வேலையும் அந்தக் கணக்கில்தான் ஓடும். லினக்ஸ் ஓரளவு தெரியும், டெபியனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை, ஆனால் புதுசாக ஒன்றைக் கட்டிச் சேர்க்கிற தைரியம் இன்னும் வரவில்லை என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீக்குகிற வேலைக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை, யாருக்கும் அதில் பெருமை இல்லை, அதனாலேயே புதியவர்களுக்கு இடம் இருக்கிறது. கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், திரையில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துதான், அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

எதைப் பழசு என்பது

வயதானது என்பதற்காக ஒரு பேக்கேஜைத் தூக்க வேண்டியதில்லை. பதினைந்து வருஷமாக ஒரு வரிகூட மாறாமல், புது கம்பைலரிலும் முனகாமல் கட்டப்பட்டு, பாதுகாப்பு ஓட்டை எதுவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் சின்ன நிரல்கள் நிறைய உண்டு, அவை பாட்டுக்கு இருக்கட்டும். நாம் தேடுவது வேறு: மூல ஆசிரியர் கைவிட்டுவிட்டார், ஓட்டை வந்தால் அடைக்க ஆள் இல்லை, அதன் இடத்துக்கு வேறொன்று வந்து நிலைத்தும் விட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கை வைக்கலாம் என்பது என் கணக்கு.

பைதான் நிரல்மொழியின் பழைய வரிசையான பைதான் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பைதான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பழைய வரிசையின் கடைசிப் பதிப்பான 2.7 வந்தது 2010-இல். அதற்கு 2015 வரைதான் ஆதரவு என்று முதலில் சொன்னார்கள், யாரும் நகரவில்லை என்பதால் 2014-இல் கெடுவை 2020-க்குத் தள்ளினார்கள். 2020 ஜனவரி 1-ஆம் தேதி ஆதரவு முடிந்தது, அந்த ஏப்ரலில் 2.7.18 என்று கடைசியாக ஒன்றை வெளியிட்டுக் கணக்கை மூடினார்கள். சரி, டெபியனில் அன்றைக்கே போய்விட்டதா? இல்லை. 2019-இல் வந்த டெபியன் 10-இல் அது முழுசாக இருந்தது, 2021-இன் டெபியன் 11-இல் வேறு சில பேக்கேஜ்களைக் கட்டுவதற்குத் தேவைப்பட்டதால் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது, 2023 ஜூனில் வந்த 12-இல்தான் இல்லாமல் போனது. இத்தனைக்கும் அதை எடுத்தே ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. சுவரில் அத்தனை உத்திரம்.

முதலில் உங்கள் கணினியிலேயே பழகுங்கள்

களஞ்சியத்துக்குப் போகும் முன் சொந்த இயந்திரத்தில் ஒத்திகை பார்ப்பது நல்லது. பேக்கேஜ்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏபிடி கருவியின் ரிமூவ் கட்டளையோடு கழித்தல் குறி, சின்ன எஸ் சேர்த்துக் கொடுத்தால் எதையும் தொடாமல், நீக்கினால் என்னென்ன கூடப் போகும் என்று மட்டும் பட்டியல் போடும். ஏபிடி ஆர்டிபென்ட்ஸ் என்று கொடுத்துக் கூடவே இன்ஸ்டால்டு என்ற விருப்பத்தையும் சேர்த்தால், உங்கள் கணினியில் உள்ளவற்றில் யார் யார் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். அதே வேலையைச் செய்யும் ஆப்டிட்யூட் இருந்தால் அதில் ஒய் என்று கேளுங்கள், இது ஏன் இங்கே வந்தது என்று சங்கிலியாகச் சொல்லும். எனக்குப் பிடித்த கட்டளை இது, சில சமயம் பதிலைப் பார்த்தால் சிரிப்பு வரும், எப்போதோ போட்ட ஒரு சீட்டு விளையாட்டுக்காக இத்தனை நூலகங்களா (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) என்று.

ஏபிடிக்கு அடியில் வேலை செய்யும் டீபிகேஜில் ஃபோர்ஸ் போட்டு வலுக்கட்டாயமாக நீக்குவதைப் பற்றி யாராவது சொல்லிக்கொடுத்தால் காதில் வாங்காதீர்கள். பேக்கேஜ் போகும், ஆனால் எது எதை நம்பி நிற்கிறது என்ற சார்புக் கணக்கு உடைந்து, அதற்கப்புறம் எதை நிறுவப் போனாலும் ஏபிடி முதலில் அந்தச் சிக்கலைத் தீர் என்று வழியில் நிற்கும். அதேபோல, இயங்குதளத்துக்கே அவசியமானதை நீக்கப் போகிறாய் என்று ஏபிடி எச்சரித்தால், அந்த இடத்தில் எழுந்து போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

இந்தப் பட்டியல்களுக்குத் தெரியாத சார்புகளும் உண்டு, அதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பாளையங்கோட்டையில் தெரிந்தவர் ஒருவரின் கடையில் பில் போடும் கணினியை டெபியன் 11-இல் இருந்து 12-க்கு ஏற்றிக் கொடுத்தேன். எல்லாம் நன்றாக முடிந்தது. ஏற்றிய பிறகு, எந்தக் களஞ்சியத்திலும் இல்லாமல் அநாதையாக நிற்பவற்றைத் துடைப்பது வழக்கம். ஏபிடி லிஸ்ட் என்று கொடுத்து, மேற்கோளுக்குள் அலைக்குறியும் சின்ன ஓ எழுத்தும் போட்டால் அவற்றைக் காட்டும், லிஸ்ட் இருக்கும் இடத்தில் பர்ஜ் போட்டால் மொத்தமாக நீக்கிவிடும். காட்டச் சொன்னேன், மேலோட்டமாகப் பார்த்தேன், பைதான் 2.7 இருந்தது, சரி போகட்டும் என்று பர்ஜ் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் ஒரு கல்யாண வீட்டில் சொதிச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறேன், இலையில் இஞ்சித் துவையல் வைத்திருக்கிறார்கள், சொதி இன்னும் வரவில்லை, போன் வந்தது. "தம்பி, பில்லு வர மாட்டேங்கு. ஆளுக நிக்காங்க."

பில் பிரிண்டருக்கு வரிகளை அனுப்பும் நாற்பது வரி நிரல் ஒன்று யூஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குள் கிடந்திருக்கிறது, எனக்கு முன்னால் யாரோ எழுதியது. முதல் வரியிலேயே பைதான்2 என்று இருக்கிறது. அது பேக்கேஜ் இல்லை, ஒரு கோப்பு, ஆகவே அது யாரை நம்பி நிற்கிறது என்று ஏபிடிக்குத் தெரிய வழியே இல்லை. கிளம்பிப் போய் பிரிண்ட் வரிகளுக்கெல்லாம் அடைப்புக்குறி போட்டேன், அப்புறமும் ஓடவில்லை; பழைய பைதானில் எழுத்துச்சரமும் பைட்டும் ஒன்றுதான், புதியதில் ரெண்டும் வேறு, பிரிண்டருக்கு அனுப்பும் முன் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று பிடிபட இன்னும் அரை மணி நேரம் ஆனது. அதே பர்ஜில் பிரிண்டர் கம்பெனி தளத்தில் இருந்து இறக்கி நிறுவியிருந்த டிரைவரும் சேர்ந்து போயிருந்தது, அதுவும் எந்தக் களஞ்சியத்திலும் இல்லாததுதானே. ஆகவே நீக்கும் முன்: அந்தப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள், யூஎஸ்ஆர் லோக்கல், ஆளாளின் வீட்டு அடைவு, நேரம் குறித்துத் தானாக ஓடும் கிரான் வேலைகள் எல்லாவற்றிலும் பழைய பெயரை கிரெப் போட்டுத் தேடுங்கள். சொதி ஆறிப்போய்விட்டது.

களஞ்சியத்தில் யார் யார் சாய்ந்து நிற்கிறார்கள்

இப்போது பெரிய வேலை. டெபியனில் நிரல் இருக்கும் மூலப் பேக்கேஜ் வேறு, அதிலிருந்து கட்டப்பட்டு நாம் நிறுவும் பைனரி பேக்கேஜ் வேறு. ஒரு மூலத்தில் இருந்து நூலகம், அதன் டெவ் கோப்புகள், ஆவணம் என்று நான்கைந்து பைனரிகள் வரலாம், மூலத்தை நீக்கினால் அத்தனையும் போகும். ஆகவே எண்ணும்போது அத்தனை பைனரிக்கும் எண்ண வேண்டும்.

சார்பும் ரெண்டு வகை. ஓடும்போது வேண்டும் என்பது ஒன்று, கட்டும்போது மட்டும் வேண்டும் என்பது இன்னொன்று. புதியவர்கள் முதலாவதை எண்ணிவிட்டு ரெண்டாவதை விட்டுவிடுவார்கள், நானும் விட்டிருக்கிறேன். கட்டும்போது தேவைப்படுவதை எடுத்துவிட்டால் பயனர் கணினியில் உடனே எதுவும் உடையாது, அடுத்த முறை பாதுகாப்புத் திருத்தத்துக்காக அந்தப் பேக்கேஜை மறுபடி கட்டப் போகிறவர்தான் தலையில் கை வைப்பார். உபுண்டு டெவ் டூல்ஸ் பேக்கேஜில் உள்ள ரிவர்ஸ்-டிபென்ட்ஸ் முதல் வகையைச் சொல்லும், கழித்தல் பி சேர்த்தால் ரெண்டாவதைச் சொல்லும். டெவ்ஸ்கிரிப்ட்ஸில் இருக்கும் பில்ட்-ஆர்டெப்ஸும் ரெண்டாவதற்கு உதவும். டெபியன் டெவலப்பர்கள் உள்ளே நுழையக்கூடிய இயந்திரத்தில் டேக் ஆர்எம் என்ற கருவி இருக்கிறது, அதற்குப் பெரிய ஆர், சின்ன என் கொடுத்தால் எதையும் நீக்காமல், நீக்கினால் எவையெல்லாம் உடையும் என்று ரெண்டு வகையையும் சேர்த்துச் சொல்லிவிடும். கடைசியில் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் எஃப்டிபி குழு ஓட்டப் போவதும் இதே கருவிதான், அதனால் பழக்கமான டெவலப்பர் யாரிடமாவது ஒருமுறை ஓட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம்.

இதற்கும் அகப்படாதவை சில. கட்டிய பிறகு ஓட்டும் தானியங்கிச் சோதனைகளுக்கு மட்டும் பழையதைக் கேட்பவை, பரிந்துரை என்றும் யோசனை என்றும் மட்டும் குறிப்பிட்டிருப்பவை, ஓடும்போது இருந்தால் ஏற்றிக்கொள்வோம் என்று நூலகத்தின் பெயரை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருப்பவை. டெபியன் கோட் சர்ச்சில் அந்தப் பெயரைத் தேடினால் இந்தக் கடைசி வகை பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

இன்னொரு பக்கம், பட்டியலில் இருப்பதெல்லாம் உடைந்துவிடும் என்றும் இல்லை. பழசு அல்லது புதுசு, எது இருந்தாலும் சரி என்று நடுவில் கோடு போட்டு எழுதியிருப்பார்கள், பழசு போனாலும் அவர்களுக்குப் பங்கமில்லை.

எண்ணிக்கை கைக்கு வந்ததும் நான் ஒரு நோட்டில் பிரித்து எழுதிக்கொள்வேன். கணினியில் வேலை செய்துவிட்டு நோட்டா என்று கேட்கலாம், எனக்கு அதுதான் சரிப்படுகிறது. ஒரு பக்கத்தில், மூல ஆசிரியர் ஏற்கெனவே புதியதற்கு மாறிவிட்டு டெபியனில் மட்டும் பழைய பதிப்பு கிடப்பவை. அடுத்த பக்கத்தில், உண்மையில் பயன்படுத்தாமலேயே சார்பு வரியை மட்டும் எப்போதோ எழுதி அப்படியே விட்டுவிட்டவை. இவை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே அகப்படும், சார்புகளை எழுதி வைக்கும் கன்ட்ரோல் கோப்பில் ஒரு வரியை அழித்தால் முடிந்தது. மூன்றாவதில், உட்கார்ந்து நிரலை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவை. நான்காவதில், தானே செத்துப்போய் யாரும் பார்க்காமல் கிடப்பவை, அவற்றையும் சேர்த்தே நீக்கச் சொல்லலாம், ஆனால் அவற்றை நம்பி நிற்பவர்கள் யார் என்று மறுபடியும் முதலில் இருந்து எண்ண வேண்டும். ரெண்டாவது சுற்று எண்ணும்போதுதான் சிலருக்கு மூச்சு வாங்கும்.

எழுதிக் கேட்பது

முதல் கடிதம் பழைய பேக்கேஜை டெபியனில் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளருக்கு. அவர் பேக்கேஜ் மீதே ஒரு பக் (குறைப் பதிவு) போட்டு, இதை நீக்கலாம் என்று நினைக்கிறேன், காரணம் இன்னது, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேளுங்கள். வீட்டுக்காரரைக் கேட்காமல் கொத்தனாரைக் கூட்டி வருவது எவ்வளவு நல்ல காரியமோ அவ்வளவு நல்ல காரியம் இதைச் செய்யாமல் விடுவது.

அவர் சரி என்றால், அல்லது பல வாரம் கழித்தும் பதிலே இல்லை என்றால், அடுத்து சாய்ந்து நிற்பவர்கள். ஒரே விஷயத்துக்காகப் பத்துக்கு மேல் பக் போடப் போகிறீர்கள் என்றால் டெபியன்-டெவல் அஞ்சல் பட்டியலில் முதலில் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும், அது டெவலப்பர் கையேட்டிலேயே இருக்கும் நடைமுறை. அங்கே சொன்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதில் ஒருவர் நீங்கள் பார்க்காத ஒரு உத்திரத்தைக் காட்டுவார், அவருக்காகத்தான் கேட்கிறோம்.

கடிதம் எழுதும் விதத்தில் பாதி வேலை இருக்கிறது. உங்கள் பேக்கேஜ் உடைந்திருக்கிறது என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பார், அவர் பேக்கேஜ் இன்றைக்கு நன்றாகத்தான் ஓடுகிறது. நான் எழுதுவது சுமாராக இப்படி இருக்கும்: உங்கள் பேக்கேஜ் இன்ன நூலகத்தைக் கட்டும்போது கேட்கிறது; அந்த நூலகத்தை இன்ன வருஷத்தோடு மூல ஆசிரியர் கைவிட்டுவிட்டார்; அதன் இடத்தில் இன்னது இருக்கிறது; உங்கள் நிரலில் ரெண்டு கோப்புகளில் மட்டும்தான் அதை அழைக்கிறீர்கள்; மாற்றி எழுதிப் பார்த்தேன், கட்டப்படுகிறது, சோதனைகள் தேறின, திருத்தத்தை இணைத்திருக்கிறேன். அவ்வளவுதான், அஞ்சாறு வரி. திருத்தம் இணைத்த பக்குக்கும் இணைக்காத பக்குக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். பராமரிப்பாளர்கள் சம்பளம் வாங்காமல் ராத்திரி பத்து மணிக்கு மேல் இதைப் பார்க்கிறவர்கள், தயாராக வந்ததைச் சேர்த்துவிடுவார்கள், யோசிக்க வேண்டியதைத் தள்ளி வைப்பார்கள்.

அத்தனை பக்குக்கும் ஒரே யூசர்டேக் (நாமே வைக்கும் அடையாளச் சீட்டு) போட்டுவிடுங்கள், பிறகு ஒரே பக்கத்தில் எத்தனை மீதி என்று பார்க்கலாம். தீவிரத்தை ஆரம்பத்தில் சாதாரணம் அல்லது முக்கியம் என்ற அளவில் வையுங்கள். சீரியஸ் என்று போட்டால் அது வெளியீட்டையே தடுக்கும் பக் ஆகிவிடும், குறிப்பிட்ட காலத்துக்குள் சரி செய்யாவிட்டால் அந்தப் பேக்கேஜையும் அதை நம்பியிருப்பவற்றையும் அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங்கில் இருந்து தானாகவே எடுத்துவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. பெருவாரியானவர்கள் பயன்படுத்தும் முக்கியப் பேக்கேஜ்களுக்கு அதில் விலக்கு, ஆகவே அவற்றை இந்தச் சாட்டையால் நகர்த்தவும் முடியாது. எல்லோருக்கும் நேரம் கொடுத்து, மீதி நாலைந்து ஆனபிறகு சீரியஸ் ஆக்குவதுதான் முறை.

பதிலே சொல்லாதவர்களுக்கு என்எம்யூ என்று ஒரு வழி இருக்கிறது, பராமரிப்பாளர் அல்லாத ஒருவர் திருத்தத்தை ஏற்றுவது. ஏற்றியதும் களஞ்சியத்துக்குள் போய்விடாமல் பத்து நாள், பதினைந்து நாள் என்று தாமத வரிசையில் காத்திருக்கச் செய்யலாம், அதற்குள் உரியவர் வந்து வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடலாம். புதியவர்களுக்கு ஏற்றும் உரிமை இருக்காது, நீங்கள் தயாரித்ததைப் பார்த்து ஏற்றித் தர ஒரு ஸ்பான்சர் வேண்டும், மென்டர்ஸ் தளத்தில் கேட்கலாம்.

பெயர் மட்டும் மாறி, பயனர்களைப் புதியதற்கு நகர்த்தினால் போதும் என்ற நிலைமையாக இருந்தால், பழைய பெயரில் காலிப் பேக்கேஜ் ஒன்றை வைத்து, புதியதைச் சார்ந்திருக்கிறது என்று மட்டும் அதில் எழுதுவார்கள். ஒரு நிலையான வெளியீடு முழுக்க அது இருக்க வேண்டும், அடுத்த சுற்றில் அதையும் நீக்கிவிடலாம்.

ஒன்று முக்கியம், டெபியன் சுமார் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெளியீடு செய்கிறது, அதற்கு முன்னால் பல மாதம் உறைநிலை, பெரிய மாற்றங்களை ஏற்காத காலம். அந்த நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது படித்துறைக்குக் கல் மாற்றுகிற கதையாகிவிடும்.

கடைசி விண்ணப்பம்

எல்லோரும் நகர்ந்த பிறகு, பக் பதிவு செய்யும் கருவியான ரிப்போர்ட்பக்கில் எஃப்டிபி.டெபியன்.ஆர்க் என்ற பெயரின் மீது ஒரு பக். தலைப்புக்கு ஒரு வடிவம் உண்டு: முதலில் ஆர்எம், முக்காற்புள்ளி, மூலப் பேக்கேஜின் பெயர், ரெண்டு கோடு, அப்புறம் யார் கேட்கிறார் என்பதற்கான குறி, அப்புறம் காரணம். பராமரிப்பாளரே கேட்டால் ஆர்ஓஎம், தரக் கண்காணிப்பு என்ற பெயரில் பிறர் கேட்டால் ஆர்ஓகியூஏ. ரிப்போர்ட்பக்கே ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பிவிடும். ஆட்சேபம் இல்லாத முதல் பக்கின் எண்ணை உள்ளே குறிப்பிடுங்கள், யாரைக் கேட்டாய் என்று மறுபடி கேட்க மாட்டார்கள்.

சாய்ந்து நிற்பவர் ஒருவர் மீதி இருந்தாலும் எஃப்டிபி குழு மேலும் விவரம் தேவை என்று குறி போட்டு வைத்துவிடும். ரெண்டு பேக்கேஜ்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றால், ரெண்டுக்கும் விண்ணப்பம் போட்டு, ரெண்டையும் சேர்த்து நீக்குங்கள் என்று எழுதுங்கள்.

நீக்கம் நடப்பது, புதியவை முதலில் வந்து சேரும் அன்ஸ்டேபிளில். டெஸ்டிங்கில் யாருக்கும் தேவைப்படாத நிலை வந்ததும் அங்கேயும் போய்விடும். ஏற்கெனவே வெளியான நிலையான பதிப்பில் அது அப்படியேதான் இருக்கும், பழைய கோப்புகள் வேண்டுமானால் ஸ்னாப்ஷாட் தளத்தில் கிடைக்கும். அந்தப் பேக்கேஜ் மீது திறந்திருந்த பக்குகளை எல்லாம் நீக்குகிறவர்களே மூடிவிடுவார்கள், பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்ட புகாருக்கு அன்றைக்குத்தான் பதில் போகும்.

நிறையப் பேர் பயன்படுத்தியதாக இருந்தால் வெளியீட்டுக் குறிப்பில் ரெண்டு வரி சேர்க்கச் சொல்லி ஒரு பக் போட்டுவிடுங்கள். களஞ்சியத்தில் இல்லை என்பதற்காக ஏபிடி உங்கள் கணினியில் இருந்து எதையும் தானாகப் பிடுங்காது, அந்தப் பேக்கேஜ் அங்கே திருத்தம் வராமல் சும்மா கிடக்கும், பாளையங்கோட்டைக் கடையில் கிடந்தது மாதிரி.

முதல் முறை செய்கிறவர்கள் பைதான் 2 அளவுக்குப் போக வேண்டாம். பராமரிப்பாளர் விட்டுப்போன பேக்கேஜ்களின் பட்டியல் டபிள்யூஎன்பிபி பக்கத்தில் இருக்கிறது, அதில் ரெண்டு மூன்று பேர் மட்டும் சாய்ந்து நிற்கும் ஒன்றைப் பிடித்து, இன்று ராத்திரி அந்த ரெண்டு மூன்று பேரின் மூலத்தை இறக்கிக் கட்டிப் பாருங்கள்.